கேள்வி யாருடையது

அமெரிக்க அரசியலைத் தூத்துக்குடி முத்தையாபுரத்தில் உட்கார்ந்துகொண்டு ஆராய்வது இத்தனை சுலபமாக இருப்பதுதான் என்னை உறுத்துகிறது. கஷ்டமாக இருந்திருந்தால் அது அவர்கள் நாடு, நமக்கென்ன என்று விட்டிருப்பேன். ஜன்னலைச் சாத்தினாலும் உள்ளே வந்துவிடும் தூசியைத் துணியால் ஒருமுறை துடைத்துவிட்டுக் கணினியைத் திறந்தால் போதும். 1989இல் அவர்கள் காங்கிரஸ் எந்தச் சட்டத்தில் எந்தப் பிரிவை நுழைத்தது, அதற்கு முன்னின்ற செனட்டர்கள் யார், குழு விசாரணையில் சாட்சி சொன்னவர் எந்தக் கேள்விக்கு மழுப்பினார் என்பதுவரை படித்துவிடலாம். 1936 முதல் நாள்தோறும் வெளிவரும் ஃபெடரல் ரெஜிஸ்டர் என்கிற அரசிதழில் ஒரு விதி வரைவாக வந்து, ஆட்சேபங்களைச் சந்தித்து, இடையில் ஒரு சொல் மாறி, கடைசியில் உத்தரவாவதை மாதம் மாதமாகப் பின்தொடரலாம். 1914இல் தொடங்கிய காங்கிரஸின் ஆராய்ச்சிப் பிரிவு உறுப்பினர்களுக்கென்று ரகசியம்போல எழுதிக்கொடுத்த அறிக்கைகளும் 2018 முதல் உலகத்துக்கே திறந்து கிடக்கின்றன. சரி, துடைத்த துணியில் கருப்பாக ஒட்டியிருக்கிறதே, அது என்ன? 1979இல் ஓடத் தொடங்கிய அனல்மின் நிலையத்தின் சாம்பலா, துறைமுகத்தில் இறங்கி லாரியில் தார்ப்பாய் சரியாக மூடாமல் போகும் நிலக்கரியா, உப்பளக் காற்று கொண்டுவருகிற மண்ணா? எதில் எத்தனை பங்கு? இந்தக் கேள்விக்கு எந்த அரசிதழைப் புரட்டுவது என்று இந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் கையை விரிப்பார்கள். எட்டாயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிற அரசாங்கம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஜன்னல் விளிம்பு எட்டாத தூரத்தில் இருக்கிறது.

இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை, முழுக்க வெட்கப்படவும் வேண்டியதில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். பல்கலைக்கழகப் பிள்ளைகள் ஆய்வேட்டுக்குத் தலைப்பு கேட்டு வரும்போது அமெரிக்க வெளியுறவு, அமெரிக்கத் தேர்தல் நிதி, அமெரிக்க உச்ச நீதிமன்றம் என்று சொல்வதில் ஒரு வசதி இருக்கிறது. ஆதாரம் கிடைக்கும். மேற்கோள் காட்டலாம். வழிகாட்டி ஆட்சேபிக்க மாட்டார். உள்ளூரில் யாருக்கும் கோபம் வராது. இந்தக் கடைசிக் காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆனால் அதுதான் மற்றெல்லாவற்றையும்விடக் கனமானது என்று இப்போது தோன்றுகிறது. வெகுதூரத்து அதிகாரத்தைக் கேள்வி கேட்பவனுக்கு ஆய்வாளன் என்று பெயர். பக்கத்து அதிகாரத்தைக் கேட்பவனுக்கு வேறு பெயர்கள் இருக்கின்றன, அவற்றில் சில காவல் நிலையத்தில் எழுதப்படுபவை. ஆனாலும் தூரத்தைப் படிப்பது வீண் என்று சொல்லிவிட முடியாது. ஏனென்றால் அந்தத் தூரம் அவ்வப்போது நம் வலைக்குள் வந்து விழுகிறது. உருவகமாகச் சொல்லவில்லை, மீன் பிடிக்கிற வலையைத்தான் சொல்கிறேன்.

தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகள் கரை திரும்புகிற இரவு நேரத்தில் நின்றால் டீசலும் ஐஸும் இறாலும் கலந்த ஒரு வாடை அடிக்கும். தட்டில் கொட்டிய இறாலை ஏலக்காரர் விரலால் புரட்டிப் பார்க்கிற வேகத்தில் விலை முடிந்துவிடும். ஒருநாள் படகுக்காரர் ஒருவரிடம் ஏன் விலை இப்படி என்று கேட்டதற்கு, “அமெரிக்காக்காரன் வாங்க மாட்டேங்கான் அண்ணாச்சி, ஆமை செத்துப்போவுதாம்” என்றார். அந்த ‘தாம்’ என்ற விகுதியில் அவருடைய மொத்த அரசியல் விமர்சனமும் இருந்தது. அவர் சொன்னது உண்மை. கடலில் பிடிக்கிற இந்திய இறாலுக்கு 2019இல் அமெரிக்கச் சந்தையின் கதவு சாத்தப்பட்டது. பண்ணையில் வளர்க்கிற வனாமிக்குத் தடை இல்லை. அமெரிக்காவுக்குப் போகும் ஒவ்வொரு இறால் சரக்கோடும் டிஎஸ்-2031 என்ற ஒரு படிவம் போக வேண்டும். இந்த இறால் பண்ணையில் வளர்ந்ததா, ஆமை தப்பிக்கும் கருவி பொருத்திய வலையில் பிடித்ததா, இயந்திரமில்லாமல் கையால் இழுத்த வலையில் பிடித்ததா என்று அதில் குறி போட்டுக் கையெழுத்திட வேண்டும். மன்னார் வளைகுடாவில் ஒருவன் இராத்திரி கைநோக வலையிழுக்கிறானா, இயந்திரத்தை முடுக்குகிறானா என்பது ஒரு அமெரிக்கப் படிவத்தின் சிறு கட்டத்துக்குள் அடங்குகிற கேள்வியாக இருக்கிறது.

அந்தப் படிவத்தின் வேரைப் பிடித்துக்கொண்டு போனால் 1989 நவம்பரில் நிறைவேறிய பொதுச் சட்டம் 101-162இன் 609ஆம் பிரிவில் போய் நிற்போம். அது ஆமைகளுக்கென்று இயற்றப்பட்ட சட்டம்கூட இல்லை, சில அரசுத் துறைகளுக்குச் செலவுப்பணம் ஒதுக்குகிற சட்டம். அதன் வாலில் இந்தப் பிரிவு ஒட்டியிருக்கிறது. ஒட்டவைத்தவர்கள் லூசியானாவின் இரண்டு செனட்டர்கள், ஜான்ஸ்டனும் பிரோவும். ஆமைமேல் கருணை பொங்கி அவர்கள் இதைச் செய்ததாக எண்ணினால் ஆவணங்கள் சிரிக்கும். மெக்சிகோ வளைகுடாவின் இறால் படகுக்காரர்கள்மீது அவர்கள் அரசாங்கம் ஆமை விலக்கி என்ற அந்தக் கருவியைத் திணித்திருந்தது. இழுவலையின் கழுத்தில் சாய்வாகப் பொருத்துகிற கம்பிச் சட்டகம் அது. நாலு அங்குலத்துக்கு மிகாத இடைவெளியில் கம்பிகள். இறால் அதன் வழியே மடிக்குள் போகும், ஆமை முட்டி மேலேயோ கீழேயோ இருக்கிற திறப்பின் வழியே வெளியேறும். கூடவே கொஞ்சம் இறாலும் வெளியேறும். அந்தக் கொஞ்சத்துக்காகத்தான் 1989 ஜூலையில் டெக்சாஸ் கரையில் படகுக்காரர்கள் துறைமுக வாய்க்கால்களை அடைத்து மறியல் செய்தார்கள். எங்களுக்குக் கட்டாயம் என்றால் வெளிநாட்டுக்காரனுக்கும் கட்டாயமாக்கு என்பதில் வந்து முடிந்தது அந்தக் கோபம். ஜூலையில் மறியல், நவம்பரில் சட்டம். இன்னும் வேடிக்கை, அந்தக் கம்பிச் சட்டகத்தின் மூதாதை எந்த ஆய்வகத்திலும் பிறக்கவில்லை. வலையில் நிறைகிற ஜெல்லி மீன்களைக் கழிப்பதற்கு ஜார்ஜியா மாநிலத்து இறால்காரர் சிங்கி பூன் தானே செய்துகொண்ட ஏற்பாடு அது.

முதலில் அந்தப் பிரிவு கரீபியக் கடலும் அதைச் சுற்றியிருக்கும் நாடுகளும் வரைதான் நீண்டது. கலிஃபோர்னியாவின் எர்த் ஐலண்ட் என்ற அமைப்பு வழக்குப் போட்டு, நியூயார்க்கில் இருக்கிற பன்னாட்டு வணிக நீதிமன்றம் 1995 டிசம்பரில் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் அது உலகெங்கும் பரவி, 1996 மே மாதம் நம் கடலுக்கும் வந்தது. இந்தியா, பாகிஸ்தான், தாய்லாந்து, மலேசியா நான்கும் உலக வணிக அமைப்பில் முறையிட்டன. 1998 அக்டோபரில் அதன் மேல்முறையீட்டு அமர்வு, சட்டத்தின் நோக்கம் சரி, நாட்டுக்கு நாடு பாரபட்சமாக நடத்தியது தவறு என்றது. அமெரிக்கா நடைமுறையைத் திருத்திக்கொண்டது, சட்டம் அப்படியே நிற்கிறது. இத்தனையையும் இங்கிருந்தே படித்தேன். படித்து முடித்தபோது திருப்தி வரவேண்டிய இடத்தில் வேறொன்று வந்தது. இத்தனை ஆயிரம் பக்கங்களில் தூத்துக்குடிப் படகுக்காரர் எங்கே இருக்கிறார்? அவர் ‘இந்தியா’ என்ற வாதியின் வயிற்றுக்குள் இருக்கிறார். டெக்சாஸ்காரர் வாய்க்காலை அடைத்தார், பேசினார், அவர் சொன்னது பதிவாயிற்று. லூசியானாக்காரரின் குரல் செனட்டரின் குரலாக மாறி அச்சேறியது. சிங்கி பூனுக்குப் பெயர்கூட இருக்கிறது. இங்கே இருப்பவர்களுக்கு ஏற்றுமதி டன் கணக்கு இருக்கிறது.

ஆமை விஷயத்தில் நாம் சுத்தம் என்று சொல்லவும் வாய் வராது. இந்தக் கரையில் ஆமைக் கறி விற்ற காலத்தைப் பெரியவர்கள் இன்னும் ருசியோடு பேசுவார்கள். மூலத்துக்கு மருந்தென்று ஆமை ரத்தத்தைச் சூட்டோடு குடித்தவர்கள் உண்டு. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு அது ஒளிந்தது, பின் மறைந்தது. ஆகவே, வலையில் ஆமை மூச்சு முட்டிச் சாகிறதா என்ற கேள்வி நியாயமான கேள்விதான். நான் சொல்லவருவது வேறு. அந்தக் கேள்வியைக் கேட்டது யார் என்பதை வைத்துத்தான் பதிலில் யார் தெரிவார்கள், யார் தெரியமாட்டார்கள் என்பது முடிவாகிறது. சட்டகத்துக்கு யார் காசு கொடுப்பது, தப்பிப்போகிற இறாலின் நஷ்டம் யாருக்கு, விடிகாலையில் போய் இரவுக்குள் திரும்ப வேண்டிய தூத்துக்குடிப் படகுக்கும் வாரக்கணக்கில் கடலில் தங்குகிற படகுக்கும் ஒரே விதி பொருந்துமா போன்றவை அங்கே கேட்கப்பட்ட கேள்விகள் இல்லை. ஆவணக் காப்பகத்தைப் பயன்படுத்துகிறவன் அதன் தாள்களை மட்டும் எடுத்துக்கொள்வதில்லை. அந்தத் தாள்களை உண்டாக்கிய கேள்வியையும் தன்னுடையதென்று எண்ணிக்கொண்டு எடுத்து வந்துவிடுகிறான். என் உறுத்தலின் ஒரு பாதி இங்கே இருக்கிறது.

இது அமெரிக்காவோடு தொடங்கியதுமில்லை. இந்தக் கரையில் அரசாங்க ஆராய்ச்சி என்பதற்கு நீண்ட வயதிருக்கிறது. முத்துக்குளிப்பு நடத்தலாமா வேண்டாமா என்று முடிவு செய்யுமுன் கம்பெனிக் காலத்திலிருந்தே சிப்பி விளையும் கடலடிப் பார்களைப் பரிசோதிப்பார்கள். தோலாயிரம் பார் போன்ற இடங்களில் ஆள் இறக்கிச் சிப்பிகளை மாதிரிக்கு எடுத்து, அழுகவிட்டு, கழுவி, கிடைத்த முத்துகளைத் துளையிட்ட பித்தளைத் தட்டுகளில் சலித்துத் தரம் பிரித்து, வியாபாரிகளை வைத்து மதிப்புப் போடுவார்கள். இத்தனை சிப்பிக்கு இத்தனை ரூபாய் என்று கணக்கு தேறினால்தான் குளிப்பு. கொள்கை முடிவுக்கு முன் மாதிரி எடுத்துப் பார்ப்பது என்று இன்று பொதுக்கொள்கைப் படிப்பில் சொல்லித்தருவதன் அசல் செயல்முறை அது. ஜேம்ஸ் ஹார்னெல் 1905இல் மதராஸ் அரசுக்கு எழுதிய முத்துக்குளிப்பு அறிக்கையை இன்றும் கடல் உயிரியல்காரர்கள் எடுத்துப் பார்க்கிறார்கள். எந்தப் பாரில் மணல் ஏறியிருக்கிறது, எதில் சிப்பி முதிர்ந்திருக்கிறது என்று கல்லில் கால்வைத்து இறங்கி மூச்சடக்கிப் பார்த்துச் சொன்னவர்கள் பரதவர்களும் கீழக்கரை முஸ்லிம்களும். அறிவு அவர்களுடையது, கேள்வி கஜானாவுடையது. எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு குளித்தவனுக்கு, இரண்டு பங்கு சர்க்காருக்கு. குளிப்பவனின் காதுச் சவ்வு எத்தனை ஆண்டு தாங்கும் என்று கஜானா கேட்கவில்லை, கேட்க அதற்கு அவசியமும் இல்லை. கடைசியாகக் குளிப்பு நடந்தது 1961இல்.

இந்த யோசனையோடு இருந்தபோதுதான் டகோமா கண்ணில் பட்டது. வாஷிங்டன் மாநிலத்தில், பசிபிக் கரையோரம் ஒரு துறைமுக நகரம். அங்கே அசார்கோ கம்பெனியின் தாமிர உருக்காலை நின்றது. தாமிரம் என்ற சொல்லைத் தூத்துக்குடிக்காரன் கடந்துபோக முடியாது, நின்று படித்தேன். ஆலையின் புகையில் ஆர்சனிக் இருந்தது. 1983இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் தலைவர் வில்லியம் ரக்கல்ஷாஸ் வினோதமான ஒரு காரியம் செய்தார். இருப்பதிலேயே நல்ல கருவியைப் பொருத்தினாலும் ஆண்டுக்கு ஒருவர் கூடுதலாகப் புற்றுநோயில் சாகலாம், பொருத்தாவிட்டால் நாலு பேர்வரை சாகலாம், கருவிக்கு மேல் கெடுபிடி செய்தால் ஆலை மூடப்பட்டு ஐந்நூற்றுச் சொச்சம் பேருக்கு வேலை போகும், என்ன செய்யலாம் என்று டகோமா மக்களையே கேட்டார். ஊரில் கூட்டங்கள் நடந்தன. விஞ்ஞானிகள் வந்து கணக்கை விளக்கினார்கள். கணக்கின் எந்த இடத்தில் ஊகம் இருக்கிறது என்று ஜனங்கள் மடக்கினார்கள், தோட்டத்துக் காய்கறியைச் சாப்பிடலாமா என்று கேட்டார்கள். நியூயார்க் டைம்ஸ் சும்மா இருக்கவில்லை. கட்டைவிரலை உயர்த்தவா தாழ்த்தவா என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்ட ரோமானியச் சீசரோடு ரக்கல்ஷாஸை ஒப்பிட்டுத் தலையங்கம் எழுதியது. கூட்டத்துக்கு முதலில் வேலை என்று எழுதிய வில்லையை அணிந்தவர்களும் சுற்றுச்சூழல் என்று எழுதிய வில்லையை அணிந்தவர்களும் தனித்தனியாக வந்தார்கள். பிற்பாடு ‘இரண்டும்’ என்று எழுதிய வில்லைகள் தென்பட்டன.

‘இரண்டும்’ என்ற அந்த வில்லையை நான் நிறைய நேரம் யோசித்திருக்கிறேன். கேட்கப்பட்ட கேள்விக்கு அது பதில் அல்ல, கேள்வியையே திருத்துகிற முயற்சி. வேலையா உயிரா என்று தேர்ந்தெடுக்கும்படி எங்களை நிறுத்திவைக்க நீ யார் என்று அது கேட்கிறது. ஆனால் இங்கேயும் அவசரப்பட்டு மெச்சிவிடக் கூடாது. அந்தக் கூட்டங்கள் ஆலையின் கதியைத் தீர்மானிக்கவில்லை. தாமிர விலை சரிந்ததும் 1985இல் கம்பெனியே உருக்கும் வேலையை நிறுத்திக்கொண்டது. 1993 ஜனவரியில் புகைபோக்கியை வெடிவைத்துச் சாய்த்தார்கள், ஊரே திரண்டு வேடிக்கை பார்த்தது. புகை படிந்த மண் ஆயிரம் சதுர மைலுக்கு மேல் பரந்திருக்கிறது. பல ஆண்டுகளுக்குப் பிறகும் மாநில அரசு வீட்டு முற்றங்களின் மண்ணைச் சோதித்துப் பார்த்து, ஆர்சனிக் மிகுந்த இடத்தில் மாற்றிவந்தது. ஆக, கேள்வி மக்களிடம் வந்தது, பதிலைச் சந்தை சொன்னது, மிச்சத்தை மண் வைத்திருக்கிறது. என்றாலும் ஒன்று மறுக்க முடியாதது. 1983இல் டகோமாவில் ஒரு பெண்மணி எழுந்து தன் தோட்டத்தைப் பற்றிக் கேட்டால், அது ஒரு அரசாங்கக் கோப்பில் பக்கமாகிவிடும். நாற்பது வருஷம் கழித்து முத்தையாபுரத்தில் இருப்பவன் அதைப் படிக்க முடியும்.

நம் தாமிரத்தின் கதையை இந்த ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ரத்னகிரியின் மாந்தோப்புக்காரர்கள் வேண்டாமென்று துரத்திய தாமிர உருக்காலைக்கு 1994 அக்டோபரில் இங்கே அடிக்கல் நாட்டினார்கள். 1995 ஜனவரியில் மத்திய அரசின் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் கட்டாயமானது 1997இல். இரண்டே வருஷ இடைவெளி, ஆனால் எங்களைக் கேட்காமல் முடிவெடுக்க அது போதுமானதாக இருந்தது. கேள்வி கேட்கும் பொறுப்பு அதன்பின் நீதிமன்றத்துக்குப் போனது. 1996இல் தொடுத்த வழக்கில் 1998 நவம்பரில் நாக்பூரின் நீரி நிறுவனம் தந்த அறிக்கையை வைத்து உயர் நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது. சில நாட்களிலேயே திறக்கவும் அனுமதித்தது. அடுத்த ஆய்வும் அதே நீரியிடம்தான் போயிற்று. 2010இல் மூடச் சொன்ன தீர்ப்பு, 2013 ஏப்ரலில் அதை ரத்து செய்துவிட்டு நூறு கோடி ரூபாய் இழப்பீடு கட்டச் சொன்ன உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, அதற்குச் சில நாள் முன்பு மார்ச் 23 விடிகாலையில் நகரத்தின் தொண்டையை அடைத்த வாயு. பிறகு அ.குமரெட்டியாபுரத்தில் 2018 பிப்ரவரியில் தொடங்கிய போராட்டம். அதன் நூறாவது நாளான மே 22 அன்று கலெக்டர் அலுவலகத்தை நோக்கி நடந்தவர்கள் கையில் கேள்விதான் இருந்தது. அன்றைக்கும் மறுநாளுமாகப் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் பதின்மூன்று பேர் செத்தார்கள்.

அதன்பிறகு எழுதப்பட்ட பக்கங்கள் குறைவில்லை. ஆலை மூடப்பட்டதை உறுதிசெய்து 2020 ஆகஸ்ட் 18 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தந்த தீர்ப்பு 815 பக்கம். துப்பாக்கிச் சூட்டை விசாரித்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் 2022 மே மாதம் கொடுத்த அறிக்கை அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. 2024 பிப்ரவரி 29 அன்று உச்ச நீதிமன்றம் கம்பெனியின் மனுவைத் தள்ளுபடி செய்தது. டகோமாவோடு ஒப்பிட்டுப் பார்த்தால் நாம் ஜெயித்தவர்கள்தான். அங்கே சந்தை மூடியது, இங்கே மக்கள் மூடவைத்தார்கள். இந்த ஜெயத்தின் விலையை நினைக்கும்போதுதான் நெஞ்சு அடைக்கிறது. அங்கே கேள்வி கேட்டவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார். இங்கே கேள்வி கேட்டதைப் பதிவு செய்யவே ஒரு விசாரணை ஆணையம் வேண்டியிருந்தது, ஆணையம் அமையப் பிணங்கள் வேண்டியிருந்தன. போர்வெல் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து வைத்துக்கொண்டு இதைப் பாருங்கள் என்று வருஷக்கணக்காகச் சொல்லிவந்த பெண்களின் வார்த்தைகள் எந்தக் கோப்பில், எத்தனையாவது பக்கத்தில் இருக்கின்றன என்று தேடப்போனால் மனுதாரர், எதிர்மனுதாரர், இணைப்பு என்ற சொற்களுக்குள் கரைந்துபோயிருக்கின்றன.

இந்த இடத்தில் அமெரிக்கர்களைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு முடித்துவிடுவது சுலபம். ஆனால் அவர்களுடைய ஆவண அலமாரியையே கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால் பெருமூச்சு தொண்டையில் நின்றுவிடும். தன் ஊர் ஆலை எந்த நச்சுப்பொருளை எத்தனை பவுண்டு காற்றில் விட்டது என்று ஒரு அமெரிக்கர் தன் அஞ்சல் எண்ணைத் தட்டிப் பார்க்க முடிகிறது. அதற்கு வழிசெய்த சட்டம் 1986இல் வந்தது. அது ஏன் வந்தது? 1984 டிசம்பரில் போபால். அடுத்த ஆகஸ்டில் மேற்கு வர்ஜீனியாவின் இன்ஸ்டிடியூட் என்ற ஊரில் அதே யூனியன் கார்பைடின் ஆலையில் கசிவு. நமக்கும் இப்படி நடக்கும் என்று பயந்த பிறகுதான் அறியும் உரிமை பிறந்தது. நம்மவர்கள் செத்து அவர்களுக்குத் தகவல் கிடைத்தது என்று ஒரே வாக்கியத்தில் சொல்லலாம், ஆனால் அது முழு உண்மை ஆகாது. அதே போபாலுக்குப் பிறகு 1987இல் நம் தொழிற்சாலைகள் சட்டத்திலும் 41பி என்ற பிரிவைச் சேர்த்தார்கள். ஆபத்தான ஆலை வைத்திருப்பவர் அதன் அபாயங்களைத் தொழிலாளிகளுக்கும் உள்ளாட்சிக்கும் அக்கம்பக்கத்து ஜனங்களுக்கும் தெரிவிக்க வேண்டும் என்று அதில் பச்சையாக எழுதியிருந்தது. இந்தியா முழுமைக்குமான தகவல் உரிமைச் சட்டம் 2005இல் வருவதற்கு எட்டு வருஷம் முன்பே, 1997இல், முதன்முதலாகத் தகவல் உரிமைக்குச் சட்டம் போட்ட மாநிலம் தமிழ்நாடு. 2005 சட்டத்தின் 4ஆம் பிரிவு, யாரும் கேட்காமலேயே தகவலை வெளியிடச் சொல்கிறது. சட்டம் இல்லாத குறை நமக்கு இல்லை. ஸ்பிக் நகரிலும் முள்ளக்காட்டிலும் உப்பளத்தில் வெயிலேறுமுன் வேலைக்குப் போகிற பெண்களிடம் 41பி உங்களுக்காக எழுதப்பட்டது என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா என்பதுதான் குறை.

அமெரிக்க அலமாரி நிரந்தரமானதும் அல்ல. 2025 பிப்ரவரியில் அவர்களுடைய சுற்றுச்சூழல் முகமை, எந்தெந்த ஏழைக் குடியிருப்புகள்மீது மாசு அதிகம் விழுகிறது என்று வரைபடத்தில் காட்டிய ஈஜேஸ்கிரீன் என்ற தளத்தைக் கழற்றிப் போட்டுவிட்டது. நேற்றுவரை இருந்த பக்கம் இன்று இல்லை. ஆனால் அப்படி நடக்கும் என்று முன்கூட்டியே சந்தேகப்பட்ட ஆராய்ச்சியாளர்களும் தன்னார்வலர்களும் அதை நகலெடுத்து வைத்திருந்து வேறிடத்தில் மறுபடி ஏற்றினார்கள். இதைப் படித்தபோதுதான் எனக்கு ஒன்று தெளிந்தது. அலமாரியைத் திறந்துவைத்தது அரசாங்கத்தின் தயாளம் என்று அத்தனை நாளும் அரைமனதாக நம்பியிருந்தேன். அப்படி இல்லை. கேட்டுக்கொண்டே இருந்தவர்கள், கேட்டதை எழுதிவைத்தவர்கள், எழுதியதை இரண்டு பிரதி எடுத்தவர்கள், இவர்களால்தான் அது திறந்திருக்கிறது. அவர்கள் சோர்ந்துபோனால் அங்கேயும் ஜன்னல் விளிம்பில் வெறும் தூசிதான்.

இவ்வளவு யோசித்த பிறகும் சந்தேகம் தீர்ந்துவிடவில்லை. தெரிந்துகொள்வது காப்பாற்றுமா? டகோமாவின் மண் அத்தனையும் தெரிந்த மண், ஆர்சனிக்கின் அளவு தெருத் தெருவாக எழுதப்பட்ட மண். அதில் விளையாடிய குழந்தைகளுக்கு அந்தத் தெளிவு எந்த அளவுக்கு உதவியது? மறுபக்கம், தெரியாமல் இருப்பது இங்கே யாரையாவது காப்பாற்றியிருக்கிறதா? இல்லை. தெரியாமை எப்போதும் ஒரு தரப்புக்கே லாபமாக இருந்திருக்கிறது, அந்தத் தரப்பு உப்பளத் தொழிலாளியின் தரப்பாக ஒருநாளும் இருந்ததில்லை. எனவே தெரிந்துகொள்வது போதாது என்பதை ஒப்புக்கொண்டே அது வேண்டும் என்று சொல்கிறேன். அமெரிக்காவை ஆராய்வதும் வேண்டும். 609ஆம் பிரிவைத் தெரியாத மீனவர் சங்கம் டெல்லியிடம் எதைக் கேட்பதென்று தெரியாமல் நிற்கும். ஆனால் அங்கேயிருந்து எடுத்து வரவேண்டியது அவர்களுடைய கேள்விகளை அல்ல, கேட்டால் அது எழுத்தில் ஏறியே தீர வேண்டும் என்கிற பிடிவாதத்தை.

ஆகவே இந்தப் பக்கத்துக் கல்லூரிகளில் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். அமெரிக்காவைப் பற்றி ஆய்வேடு எழுதுங்கள், தாராளமாக எழுதுங்கள். கூடவே உங்கள் தெருவைப் பற்றி ஒரே ஒரு கேள்வியை, சுற்றி வளைக்காமல், ஒரு வெள்ளைத்தாளில் எழுதிப் பத்து ரூபாய் கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் ஒட்டிப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். பதில் சொல்ல அவருக்கு முப்பது நாள் அவகாசம். சொல்லாவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள். பதில் வந்தாலும், தர முடியாது என்று மறுப்பு வந்தாலும், ஒன்றுமே வராவிட்டாலும், உங்கள் கேள்வியையும் தேதியையும் சேர்த்து நாலு பேர் படிக்கிற இடத்தில் வையுங்கள். மறுப்பும் ஆவணம்தான். எங்களைக் கேட்கவில்லை என்று நாங்கள் சொல்லிவந்தோம். நீங்கள் கேட்டீர்கள் என்பதாவது எழுத்தில் இருக்கட்டும்.